உங்களுக்குத் தெரியுமா? குதிரைகளை மாய்த்தது வெயில் மட்டுமல்ல

ஆரணியை 1782 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் குறிவைத்ததற்குக் காரணம், ஐதர் அலியின் படைக்கான இருப்புகள் அங்கே இருந்ததுதான். ஐதரைப் போலக் குதிரைப்படை வைத்திருப்பவருக்குத் தீவனமும் வேண்டும், அதை அளவறிந்து போடும் ஆளும் வேண்டும். இவை வாய்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. ஐதர் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழியே ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததாக எழுதினார். நம் தட்பவெப்பத்தையும் அவர் குறை சொல்கிறார். ஆனால் அவர் தரும் மற்ற விவரங்களே வலுவான சான்று: வேகவைத்த இறைச்சியும் சோறும்தான் தீவனம், வைத்தியம் தெரிந்தவர் இல்லை.

குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லின் நாரைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்தே அது பிழைக்கிறது. சோற்றின் மாவுச்சத்து அளவுமீறினால் செரியாமல் பெருங்குடலுக்கு இறங்கி அமிலமாகும். கடும் வயிற்றுவலி வரும், குளம்பின் உட்திசு அழன்று குதிரை நிற்கவே தவிக்கும். வெயிலுக்குப் பங்கில்லையா என்றால், உண்டு. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. ஆனால் அவற்றை ஈடுகட்டலாம். இதே வெயிலில்தான் பிற்காலப் படைக்குதிரைகளும் ஓடின. கொள்ளு போதாதா என்றும் கேட்பார்கள். வேகவைத்த கொள்ளு நல்ல புரதம், நாருக்கு மாற்றல்ல. 400 கிலோ குதிரைக்கு உலர் எடையில் நாளொன்றுக்கு 6 கிலோவாவது புல் வேண்டும். கொள்ளை அதற்குமேல், சிறு சிறு பங்காகத்தான் வைக்க வேண்டும்.