டோரிக்கு இரண்டடித் தொட்டி போதாது

"மாமா, டோரி படுத்துக்கிச்சு."

போன தீபாவளி விடுமுறையில் திரிங்காப்பில் அக்கா மகன் என்னை எழுப்பியது இப்படித்தான். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு விடுமுறையிலும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். அன்று அவன் முந்திக்கொண்டான்.

அந்த மீனை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அக்கா வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கண்ணாடி தெரியாத அளவுக்குப் பாசி. கடையில் கேட்டேன். "புளூ டாங் போடுங்க, பாசியைத் தின்னுடும்" என்றார்கள். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்து டோரி அதுதான். பையனுக்கும் குஷி. வாங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் வெண்புள்ளி. இடநெருக்கடியில் தவிக்கும் டாங் வகைகளை இந்த நோய் சட்டென்று பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிந்திருக்க வேண்டிய கணக்கு சின்னதுதான். தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். அக்கா வீட்டில் 60, 30, 36. சுமார் 65 லிட்டர். கல்லும் மணலும் போக இன்னும் குறைவு. டோரியோ 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாளெல்லாம் நீந்தும். அதற்கு ஆறடித் தொட்டி, 600 லிட்டருக்கு மேல் வேண்டும். இதில் வேடிக்கை, கடலில் அது முக்கியமாகத் தின்பது மிதக்கும் நுண்ணுயிர்களை. பாசி இரண்டாம்பட்சம்.

மஞ்சள் டாங் பாசியை நன்றாக மேயும். ஆனால் 20 சென்டிமீட்டர் வளரும். அதற்கும் நாலடிக்குக் குறையாத தொட்டி தேவை. மூன்றடித் தொட்டிக்காரர்களுக்கு என் ஓட்டு லான்மோவர் பிளென்னிக்கு. பெயரே புல்வெட்டி! முழு வளர்ச்சியில் 14 சென்டிமீட்டர். நீந்துவதைவிடக் கல்மேல் உட்கார்ந்து முழிப்பதுதான் அதிகம். ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு போட்டால் சண்டை. பாசி தீர்ந்ததும் பட்டினி கிடந்து வயிறு ஒட்டிப் போகும் மீன் இது. சூஷி சுற்றும் கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போடலாம். பிள்ளைகள் கொறிக்கும் உப்பு, எண்ணெய் தடவிய தாள் கூடவே கூடாது.

இரண்டடித் தொட்டிக்கு? மீனே வேண்டாம், இரண்டு டர்போ நத்தை போதும். புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் பாசி என்றால் அதுவும் வேண்டாம். சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

மேட்டுநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. கோலாலம்பூரில் தண்ணீரைக் குளிர்விக்கப் பாடுபடுகிறோம். திரிங்காப்பின் இரவுக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் 25 டிகிரி நிற்காது. வாங்குமுன் அதன் வாட் அளவைப் பாருங்கள்.

அக்கா தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிட்டார், வெயில் படாமல். தீனியும் பாதியாகிவிட்டது. பாசி குறைகிறது. போன வாரம் பையன் போனில் கூப்பிட்டான். அத்தானின் அளவு நாடாவால் கூடத்துச் சுவரை அளந்திருக்கிறான். மூன்றடி இடம் இருக்கிறதாம்.