கலாவ்ரிதா மலை யாத்திரை

கிரேக்க தேசத்திற்குச் செல்வோரில் பெரும்பாலார் ஏதென்ஸ் நகரின் பழந்தூண்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். பெலொபொன்னீஸ் மலைநாட்டிலுள்ள கலாவ்ரிதாவையும் அவர்கள் அவசியம் தரிசிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

கடலோரத்துத் தியாகொப்தோவிலிருந்து, 1896ல் திறக்கப்பட்ட பற்சக்கர ரெயில் மலையிடுக்கின் வழியே 22 கிலோமீட்டர் ஏறிச் செல்கிறது. ஊருக்கருகே அயியா லாவ்ரா மடம் உள்ளது. 1821ல் பிஷப் யெர்மானோஸ் துருக்கிய ஆட்சிக்கெதிராக விடுதலைக்கொடி உயர்த்தியது இங்கேதான் என்பது ஜனங்களின் ஐதீகம். சரித்திராசிரியர் பலர் இதை ஒப்புவதில்லை.

ஆனால் 1943 டிசம்பர் 13ந் தேதி நிகழ்ந்த கொடுமை ஐயத்திற்கு இடமற்றது. சிறைபிடித்த ஜெர்மன் சிப்பாய்களைக் கொரில்லாக்கள் கொன்றதற்குப் பழியாக, ஜெர்மன் படையினர் ஸ்திரீகளையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் அடைத்தனர். ஆண்களையும் வளர்ந்த சிறுவர்களையும் குன்றுச் சரிவில் நிறுத்திச் சுட்டனர். மாண்டவர் ஏறக்குறைய 500 பேர். குண்டுக்குத் தப்பியவர் 13 பேரே. ஊரும் எரிக்கப்பட்டது. கோயிற் கடிகாரம் ஒன்று இன்றும் 2.34 மணியையே காட்டி நிற்கிறது.

2000ல் ஜெர்மன் ஜனாதிபதி யோஹானெஸ் ராவ் அங்கு சென்று துக்கமும் வெட்கமும் தெரிவித்தார். நஷ்டஈட்டு விவகாரமோ முடிந்துவிட்டதென்று ஜெர்மன் சர்க்கார் சாதிக்கிறது. தாய்மாரே தம் மக்களைக் குழிதோண்டிப் புதைத்த ஊரின் கணக்கை, கடன்பட்டவர் மட்டும் தீர்ந்ததாக எழுதிக்கொள்வது எந்த நியாயம்? யாத்திரிகர்கள் அக்குன்றில் நின்று இதைச் சிந்திப்பார்களாக!