செப்பேட்டில் ஒப்பமிட்ட பரோக்

திருவேங்கடம் ஊரின் பெயர். ஆளுக்கும் அதே பெயர் உண்டு. ஆளுக்கு வைத்துவிட்டாலோ, அது அப்படியே நிற்பதில்லை. வேங்கடம் என்பார்கள், வெங்கட் என்பார்கள், வீட்டிலே வெங்கிட்டு!

பாரசீகத்தில் பிறந்த ஒரு பெயரும் இப்படித்தான் வாய்க்கு வாய் மாறியது. அதைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கொல்லம். அங்கே கிடைக்கிறது சாட்சி.

கி.பி. 849. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் வணிக உரிமைகளும் அளித்தார். செப்பேட்டில் வட்டெழுத்தில் பொறித்தார்கள். கடல் கடந்து வந்த வணிகர்கள் கடைசி ஏட்டில் சாட்சி ஒப்பமிட்டனர். அரபு எழுத்தில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர், பழைய பாரசீகமான பகலவியில் சிலர். பகலவியில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர், நர்சேயின் மகன் பரோக்.

பரோக் என்றால் பாக்கியசாலி. மன்னர்களுக்குத் தெய்வம் அளிப்பதாகப் பாரசீகர் நம்பிய ஒளிக்கு 'பர்' என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. இன்னும் பழைய வடிவம் 'பர்னா'. கிரேக்கர் எழுதி வைத்த பர்னபாசுஸ் என்ற ஆளுநர் பெயரில் அதுதான் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் அது பருக் ஆயிற்று. 1713 முதல் 1719 வரை டில்லியை ஆண்ட மொகலாய மன்னர் பருக்சியார். அவர் பெயரால் எழுந்த ஊர் பருக்காபாத்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 'பாரூக்' என்பது வேறு பெயர், அது அரபு. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிபவர் என்று பொருள். கலீபா உமருக்கு வழங்கிய பட்டம் அது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, பாவம்! கொல்லத்துப் பரோக்கை அப்படிப் படித்தால், பாரசீகர் அரபியர் ஆகிவிடுவார். அதே ஏட்டில் யோகனான் என்ற கிறிஸ்தவப் பெயரும் இருக்கிறது. ஜரதுஷ்டிரரின் கடவுளான ஒர்மஸ்தின் பெயரைத் தாங்கியவரும் இருக்கிறார்.

பார்சிகளிடம் இப்பெயர் இன்றும் வழங்குகிறது. 1946-ல் சான்சிபாரில் பிறந்த பரோக் புல்சாரா, பிரெட்டி மெர்க்குரி என்ற பெயரில் உலகப் பாடகர் ஆனார். சென்னைக்காரர்களுக்கோ வேறொரு பரோக்தான் நினைவுக்கு வருவார். 1967 ஜனவரி, சேப்பாக்கம். எதிரே மேற்கிந்தியத் தீவுகளின் ஹாலும் கிரிபித்தும். முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ஓட்டங்களை விளாசியிருந்தார் பரோக் எஞ்சினியர். ஆட்டமிழந்தபோது 109.