எலும்பும் குருதியால் வாழ்கிறது

எலும்பு உறுதியானது, ஆனால் அது கல்லன்று, உயிருள்ள திசு. குருதி கிடைக்காவிடில் அதுவும் மடியும். இடுப்பு மூட்டில் செய்யப்படும் பல அறுவைகளில் எங்கள் முதற்கவலை இதுவே.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. வளர்ந்தவர்களில் அத்தலைக்குச் செல்லும் குருதியின் பெரும்பகுதியை ஒரே தமனியின் கிளையே சுமக்கிறது. அது எலும்பின் கழுத்துக்குப் பின்புறமாக ஏறி, எலும்பை ஒட்டியவாறே தலைக்குள் நுழைகிறது. கழுத்து முறிந்து விலகினாலோ, அறுவையின்போது அக்கிளை சேதமுற்றாலோ, தலைக்குப் போதிய குருதி சேராது. அதன் விளைவு உடனே தெரியாது. மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்தும், தலை வலுவிழந்து உட்சரியும்.

முன்பு, இத்தலையைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்துச் சீர்செய்ய மருத்துவர்கள் பெரிதும் தயங்கினர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் அத்தமனியின் பாதையை ஆராய்ந்து, அதைத் தவிர்த்துச் செல்லும் வழியை 2001இல் வெளியிட்டனர். தொடை எலும்பின் பக்கவாட்டுப் புடைப்பு, தசைகளோடு சேர்த்து மெல்லிய சில்லாக வெட்டி முன்புறம் நகர்த்தப்படுகிறது. தமனிக்குக் காப்பாக நிற்கும் பின்புறச் சிறுதசை தொடப்படுவதில்லை. தலை முன்னோக்கி வெளியே எடுக்கப்படுகிறது. பணி முடிந்தபின் சில்லு திருகாணிகளால் பொருத்தப்படுகிறது. அவர்கள் அறிவித்த 213 இடுப்பு அறுவைகளில் ஒன்றிலும் தலை மடியவில்லை.

அறுவைக்குப் பின் காக்கும் பொறுப்பில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. வெட்டிப் பொருத்திய சில்லு கூடும்வரை, மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் காலில் பாரம் ஏற்றலாகாது. வலி குறைந்துவிட்டதே என்று ஊன்றுகோலைத் தாமே விலக்குவது தவறு. புகைபிடித்தலை அறவே விடுக. அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

இளையோருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், தலையைக் காப்பாற்றக் காலம் மிக முக்கியம். எண்ணெய்க் கட்டுக்கும் உருவுதலுக்கும் நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். முழு மூட்டு மாற்றத்தில் பழைய தலையே அகற்றப்படுவதால், அங்கு இக்கவலைக்கு இடமில்லை.

அறுவை முடிந்து நெடுநாள் சென்றபின் தொடையிடுக்கில் புதிதாக வலி தோன்றினாலும், நடை மாறினாலும், பொறுத்துக்கொண்டிராமல் எங்களிடம் தெரிவியுங்கள். எக்ஸ்ரேயில் புலப்படாத தொடக்க நிலையையும் எம்.ஆர்.ஐ. காட்டிவிடக்கூடும். தலை சரியுமுன் கண்டறிந்தால், அதைக் காக்க இன்னும் வழிகள் உள்ளன.