பாரம் சொல்லும் எண்

நாலு சக்கரம் – 11

ஆம்னி வேன் தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள், ஒன்றிரண்டு ஆம்னியாவது கண்ணில் படும். 1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் ரோட்டுக்கு வந்த வண்டி அது. இன்றும் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் கல்யாண வீட்டுப் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த வண்டிக்கு டயர் மாற்றும்போது நடக்கிற ஒரு தவறைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

டயர் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

“அண்ணே, ஆம்னிக்குப் பின்னாடி ரெண்டு டயர் மாத்தணும்.”

“ஆம்னி டயர் ஸ்டாக் இல்லியே தம்பி. ஆல்ட்டோ டயர் இருக்கு. அதுவும் நூத்தி நாப்பத்தஞ்சு, அதுவும் பன்னெண்டு இஞ்சுதான். ரிம்முல கச்சிதமா உக்காந்துக்கும்.”

கடைக்காரர் சொல்வதில் பொய் கிடையாது. அந்த டயர் ரிம்மில் உட்காரத்தான் செய்யும். வண்டியும் வழக்கம்போல ஓடும். அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் தொடர்கிறது.

ஆம்னிக்கு உரிய டயரில் ‘145 ஆர் 12 எல்டி 6 பிஆர்’ என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ‘ஆர்’ என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அகலத்துக்குப் பக்கத்தில் உயர விகிதம் தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால், பக்கவாட்டின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 முதல் 82 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ‘எல்டி’ என்பது சிறு சரக்கு வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். ‘6 பிஆர்’ என்பது பருத்தித் துணி அடுக்குகளை வைத்து டயர் செய்த காலத்துக் கணக்கு. இன்றைய டயரைப் பிளந்து பார்த்தால் ஆறு அடுக்கு இருக்காது. அந்த நாளில் ஆறு அடுக்கு தாங்கிய பாரத்தை இது தாங்கும் என்பதே அதற்கு அர்த்தம்.

ஆல்ட்டோ டயரில் ‘145/80 ஆர் 12’ என்று இருக்கும். அகலமும் ரிம்மும் ஒன்றே, உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பழகிய கண்ணும் ஏமாறும். வித்தியாசம் அதற்கு அடுத்தாற்போல் வருகிற சின்ன எண்ணில்தான் இருக்கிறது. கார் டயரில் அது 74. வேன் டயரில் 80/78. இதுதான் பாரக் குறியீடு. 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். 80 என்றால் 450 கிலோ. (சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் வரும் 78, ஒரே பக்கத்தில் இரட்டை டயர் மாட்டும் வண்டிகளுக்கானது. ஆம்னிக்கு அது தேவையில்லை.)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுப் பாரத்தோடு ஆம்னியின் மொத்த எடை ஏறத்தாழ 1,400 கிலோ. ஆல்ட்டோ டயர் நான்கும் சேர்ந்து 1,500 கிலோ தாங்கும். கையிருப்பு வெறும் 100 கிலோ. அதுவும் எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிந்தால்தான் உண்டு. வேனில் அப்படிப் பிரிவதில்லை. பின் சீட்டுகள் நிரம்பி, அவற்றுக்குப் பின்னால் பைகள் அடுக்கி, கேரியரிலும் மூட்டை ஏறினால், பின் டயர் இரண்டின் மேல்தான் சுமை குவிகிறது. நம் ஊரில் எந்த வேன் சீட்டுக் கணக்குப்படி ஆள் ஏற்றுகிறது?

பழைய மாருதி 800-ன் டயரை மாட்டுவது இதைவிட மோசம். ‘145/70 ஆர் 12’ என்ற அந்த அளவின் பாரக் குறியீடு 69, அதாவது 325 கிலோ. நான்கையும் கூட்டினாலே 1,300தான் வரும். வண்டி நிரம்பினால் முதல் நாளே சுமை எல்லையைத் தாண்டிவிடும். அந்த டயர் உயரமும் குறைவு. வெளிவிட்டம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குறைகிறது. அதனால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 76-ஐ ஒட்டித்தான் போய்க்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டரும் கூடுதலாகப் பதியும். மைலேஜ் கூடியதாக டிரைவர் நினைத்துக்கொள்வார்.

பாரம் அளவை மீறினால் டயருக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு, உள்ளே ஓடும் நூலுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. சித்திரை வெயிலில் தார்ரோட்டின் சூடும் இதோடு சேர்கிறது. வெளியே பட்டன் நன்றாகவே இருக்கும், பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் பைபாஸில் பின் டயர் வெடிக்கும். ஆம்னி குறுகலான, உயரமான வண்டி. பின்பக்கம் ஒரு சக்கரம் திடீரென்று உட்கார்ந்தால் அதை நேராகப் பிடித்து நிறுத்துவது எளிதல்ல.

வேன் டயரை வாங்கி மாட்டினாலும் காற்று சரியாக இருக்க வேண்டும். 450 கிலோ என்பது, அந்த டயருக்குச் சொல்லப்பட்ட முழுக் காற்று இருக்கும்போதுதான். கார் டயருக்கு அடிக்கிற அளவையே இதற்கும் அடித்தால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பலம் பயன்படாமலே போய்விடும். வண்டியோடு வந்த கையேட்டிலோ ஸ்டிக்கரிலோ முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகக் காற்று அளவு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அடியுங்கள்.

ஸ்கூல் வேனுக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலையும் மாலையும் மட்டும் ஓடுவதால் பட்டன் சீக்கிரம் தேயாது, ஆனால் ரப்பருக்கு வயதாகிக்கொண்டே போகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்களின் வருமானம் எனக்குத் தெரியும். சரியான டயர் உடனே கிடைக்காமல் வண்டி இரண்டு நாள் நின்றாலும் வீட்டுச் செலவில் இடிக்கும். அப்படியும் சொல்கிறேன்: காத்திருந்தாவது எல்டி டயரையே வாங்குங்கள். அதற்காக மாத வேன் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் பெற்றோர் தயங்காமல் கொடுக்க வேண்டும். பிள்ளையை ஏற்றிவிடும்போது குனிந்து பின் டயரின் எண்ணைப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பார்க்கிறவர்கள் ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் வேன் டயர் இருக்க, ஸ்டெப்னியில் மட்டும் பழைய 800 டயர் கிடக்கிற வண்டிகள் நிறைய. ஆம்னியில் இன்ஜின் சுழற்றுவது பின் சக்கரங்களைத்தான். அங்கே ஒரு பக்கம் உயரம் குறைந்த டயர் மாட்டி ஓட்டினால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, நேர்ரோட்டில்கூட டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து தேயும். பஞ்சர் கடை வரை போவதற்கு அது சரி. ஊர் போய்ச் சேர அது ஆகாது.

(தொடரும்)