ஒரு வரிக் கட்டளை

ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில் நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் தகவல் தேடுகிறார்கள். அலுவலகத்தில் தேர்வு மதிப்பெண்கள் பதிவு செய்யப்படுகின்றன. நுழைவாயிலில் இருக்கும் கண்காணிப்புக் கேமரா இடைவிடாமல் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இவை அனைத்தும் ஒரே கட்டடத்தின் கம்பிகள் வழியாகவே செல்கின்றன. ஆனாலும், மாணவர்களின் கணினியில் மதிப்பெண் பட்டியல் தெரிவதில்லை. கேமராவின் படங்கள் வேறு எவர் திரையிலும் தோன்றுவதில்லை. இந்த ஒழுங்கு தானாக ஏற்பட்டதன்று. வலையமைப்பு நிர்வாகி ஒருவர் எழுதிய கட்டளைகளே அதற்குக் காரணம்.

கருவிகளும் கட்டளைகளும்

வலையமைப்பில் இரண்டு கருவிகள் முக்கியமானவை. ஒரு கட்டடத்தில் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது ஸ்விட்ச். ஒரு வலையமைப்பை மற்றொரு வலையமைப்போடு இணைப்பது ரௌட்டர். நாம் அனுப்பும் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அது சென்று சேரவேண்டிய முகவரி இருக்கும். ரௌட்டர் அந்த முகவரியைப் படித்து, தன்னிடம் உள்ள வழிப் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது.

வீட்டில் பயன்படுத்தும் ரௌட்டரில் பெரும்பாலான அமைப்புகளைத் தயாரிப்பாளரே செய்து அனுப்பிவிடுகிறார். மின்னிணைப்புக் கொடுத்தால் போதும். அது வேலை செய்யத் தொடங்கிவிடும். மருத்துவமனை, வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம் போன்ற இடங்களுக்கான உயர்நிலைக் கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. எவரை உள்ளே விடுவது, எவரைத் தடுப்பது, எந்த வழிக்கு முன்னுரிமை தருவது என்பதையெல்லாம் நிர்வாகிதான் வரி வரியாக எழுதித் தர வேண்டும். ஒரு பெரிய ரௌட்டரின் அமைப்புக் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்டதாகவும் இருக்கலாம்.

பிரித்து வைத்தல்

நிர்வாகி முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, வலையமைப்பைப் பிரிப்பதாகும். ஒரே ஸ்விட்சில் இணைக்கப்பட்ட கணினிகளையும் பல குழுக்களாகப் பிரிக்கலாம். மாணவர்களுக்கு ஓர் எண், ஆசிரியர்களுக்கு ஓர் எண், கேமராக்களுக்கு ஓர் எண் எனக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு குழுவும் தனித்தனி வலையமைப்பு போலவே இயங்கும். இவ்வாறு 4094 குழுக்கள் வரை அமைக்க முடியும். கேமரா ஒன்றில் தீய நிரல் புகுந்தாலும், அது மதிப்பெண்கள் இருக்கும் சர்வரை எளிதில் எட்ட முடியாது.

ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவிற்குச் செல்ல வேண்டிய தேவையும் ஏற்படும். அதனை நெறிப்படுத்துவது அனுமதிப் பட்டியல். இப்பட்டியலில் வரிகளின் வரிசை மிகவும் முக்கியம். பின்வரும் இரண்டு வரிகளைப் பாருங்கள்.

1. எல்லாக் கணினிகளையும் அனுமதி.
2. மாணவர் கணினிகளை மதிப்பெண் சர்வருக்குள் விடாதே.

படிப்பதற்கு இது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால், கருவி பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியைக் கண்டதும் அதன்படி செயல்பட்டு நின்றுவிடும். மாணவர் கணினிக்கு முதல் வரியே பொருந்திவிடுவதால், இரண்டாம் வரி எப்போதும் படிக்கப்படாது. மதிப்பெண் சர்வரின் கதவு திறந்தே கிடக்கும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதினால் கதவு மூடிக்கொள்ளும். சொற்கள் ஒன்றுதான், வரிசைதான் வேறு. எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைக் கருவி அறியாது. என்ன எழுதினாரோ அதையே அது செய்யும்.

கனடாவில் நிகழ்ந்தது

பள்ளியில் ஒரு வரி பிழையானால் சில கணினிகள் பாதிக்கப்படும். ஒரு நாட்டின் வலையமைப்பில் அவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்?

ரோஜர்ஸ், கனடாவின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்று. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி அதிகாலையில், அந்நிறுவனத்தின் பணியாளர்கள் தங்கள் வலையமைப்பின் மையப் பகுதியை மேம்படுத்திக்கொண்டிருந்தனர். ஏழு கட்டங்களாகத் திட்டமிடப்பட்ட பணியின் ஆறாவது கட்டம் அது. அப்போது சில ரௌட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது.

அந்த விதியின் வேலை என்ன? இணையத்தில் உள்ள வழிகளின் எண்ணிக்கை அவ்வாண்டில் 900,000ஐத் தாண்டியிருந்தது. மைய ரௌட்டர்களுக்கு அவை எல்லாமே தேவைப்படுவதில்லை. தேவையானவற்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைத் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் பணி. அது நீக்கப்பட்டதும், வழித் தகவல்கள் மைய ரௌட்டர்களுக்குள் வெள்ளமெனப் பாய்ந்தன. அளவுக்கு மீறிய தகவலைத் தாங்க முடியாமல் அவை சில நிமிடங்களிலேயே செயலிழந்தன. இவ்வளவுக்கு மேல் ஏற்காதே என்ற வரம்பும் அவற்றில் அமைக்கப்பட்டிருக்கவில்லை.

12 மில்லியனுக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கைப்பேசி, தொலைபேசி, இணையம் ஆகிய மூன்றும் முடங்கின. நாடு முழுவதும் கடைகளில் வங்கி அட்டைகொண்டு பணம் செலுத்த முடியவில்லை. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, பலரால் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க முடியாமற்போனதுதான். மாரடைப்பால் துடிப்பவருக்கும் தீயில் சிக்கியவருக்கும் அந்த ஓர் அழைப்பே உயிர் காக்கும் வழி அல்லவா?

பழுதைச் சரிசெய்வதும் எளிதாக இல்லை. பணியாளர்கள் ரௌட்டர்களைத் தொலைவிலிருந்து இயக்கிய பாதையும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தது. வலையமைப்பு விழுந்ததும் அப்பாதையும் அறுந்தது. பணியாளர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் சேவையில் இருந்ததால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் சிரமப்பட்டனர். உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிய கதையாக ஆகிவிட்டது. காரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் ஆனது. சேவை பெருமளவில் மீள்வதற்கு ஏறத்தாழ 26 மணி நேரம் ஆனது.

கனடா நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையத்திற்காகத் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கை இன்னொரு செய்தியையும் வெளிப்படுத்தியது. தொடக்கத்தில் இப்பணி அதிக ஆபத்து உள்ளது என்றே மதிப்பிடப்பட்டிருந்தது. முந்திய கட்டங்கள் வெற்றியாக முடிந்ததால், ஆறாவது கட்டத்தின்போது அந்த மதிப்பீடு குறைந்த ஆபத்து என்று மாற்றப்பட்டது. ஐந்து முறை தவறு நேராததால், ஆறாம் முறையும் நேராது என்று கொள்ளப்பட்டது. ஆனால், ஒவ்வொரு கட்டத்திலும் செய்யப்படும் வேலை வெவ்வேறானது. நேற்று ஆற்றைப் பாதுகாப்பாகக் கடந்தவர் இன்று ஆழம் பாராமல் காலை விடலாமா?

நல்ல நிர்வாகியின் பழக்கங்கள்

இத்தகைய நிலை ஏற்படாமலிருக்க, அனுபவமுள்ள நிர்வாகிகள் சில பழக்கங்களைக் கைக்கொள்கின்றனர்.

முதலாவதாக, எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் அமைப்பைப் படியெடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வைக்கின்றனர். இரண்டாவதாக, தாம் எழுதிய கட்டளைகளைச் சக பணியாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கின்றனர். எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத பிழை மற்றவர் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக, புதிய கட்டளைகளை ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவியில் சோதித்த பின்னரே உண்மையான கருவியில் இடுகின்றனர்.

நான்காவது பழக்கம் சுவையானது. தொலைவிலிருந்து ஒரு ரௌட்டரை மாற்றும்போது, தவறான ஒரு வரியால் நிர்வாகியின் இணைப்பே துண்டிக்கப்படலாம். பிறகு அவரால் தவறைத் திருத்தவும் முடியாது. இதற்காக, உயர்நிலை ரௌட்டர்கள் சிலவற்றில் ஒரு வசதி இருக்கிறது. மாற்றம் செய்தபின், பத்து நிமிடங்களுக்குள் நிர்வாகி மீண்டும் உறுதி செய்ய வேண்டும். உறுதி கிடைக்காவிட்டால், கருவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மனிதர் தவறு செய்வார் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

ஐந்தாவதாக, கருவிகளை அடைவதற்கு முதன்மை வலையமைப்பைச் சாராத ஒரு தனிப் பாதையை அமைக்கின்றனர். ரோஜர்ஸ் நிறுவனமும் அந்நிகழ்வுக்குப் பிறகு அத்தகைய தனிப் பாதையை அமைத்தது. கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ஒன்று முடங்கினால் மற்றவை உதவுவதென 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உடன்பாடு செய்துகொண்டன.

நம் வீட்டிலும்

நம் வீட்டு ரௌட்டருக்கும் ஒரு நிர்வாகி தேவை. 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. அது கடினமான பூட்டுகளை உடைக்கவில்லை. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடிப் பிடித்து, அவற்றைக்கொண்டே பெரிய இணையத்தளங்களைத் தாக்கியது. எல்லா ரௌட்டர்களுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக்கூடாது என்ற விதி சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடப்புக்கு வந்தது. ஆனால், பழைய கருவியின் கடவுச்சொல்லை மாற்றுவதும், அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதும் வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பே.

விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். ரோஜர்ஸ் நிறுவனத்திடம் மலிவான கருவிகளா இருந்தன? ஒரு கட்டளையை இடுவதற்குமுன் அதனை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கும் பொறுமை எந்தக் கருவியுடனும் சேர்ந்து வருவதில்லை. அதனை நிர்வாகிதான் கொண்டுவர வேண்டும்.