உறைதல் என்னும் சொல்

ஓர் ஊரில் குடியிருப்பதைச் சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்த ஆண்டாள் தேர்ந்துகொண்ட சொல் எது தெரியுமா? 'உறைதல்' என்பதே அச்சொல்லாகும். 'இருத்தல்' என்பது ஓரிடத்தில் உள்ளதை மட்டும் சொல்ல, 'உறைதல்' என்பது நிலையாகத் தங்கி அவ்விடத்தோடு ஒன்றிப்போவதைச் சொல்கிறது. காய்ச்சி ஆறிய பாலில் இரவு ஒரு கரண்டி மோர் விட்டுவைத்தால், விடியும்போது அது கட்டித் தயிராகி அசையாமல் நிற்பதைக் குறிப்பதும் இதே சொல்தான்.

நாச்சியார் திருமொழியில் குயிலை அழைத்துப் பாடும் பகுதியில், அன்னங்கள் உலவும் வில்லிபுத்தூரில் உறைபவன் என்று திருமாலைக் குறிக்கும் ஆண்டாள், அவன் திருவடியைக் காணும் ஆசையால் தம் கண்கள் உறங்கவில்லை என்கிறார். எங்கோ தொலைவில் இருப்பவனுக்காக ஏங்குவதினும், தம் ஊரிலேயே உறைபவனைக் காணாமல் ஏங்குவது எத்துணைக் கடுமையானது என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலே, ஆண்டாள் பாடிய அந்த உறைவிடம்.